ஷிப்ட் முடிந்ததும் ஏறும் தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பேருந்து கிளம்பும் முன்பே முடித்துவிட்டேன், திட்டாதே.

சொன்ன வேலையை மறக்காதே. தினமும் காலையில் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வெயிலில் வைத்துப் பார். சுரங்கத்துத் தண்ணீரில் நான் பச்சைச் சாயம் கலந்திருக்கிறேன். எந்தக் கிணற்றில் அது தலைகாட்டுகிறதோ, அந்தக் கிணற்றுக்கும் சுரங்கத்துக்கும் அடியில் வழி இருக்கிறது என்று அர்த்தம். சாயத்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. நிலக்கரி தோண்டத் தோண்டத் தெருவில் எல்லாக் கிணறுகளும் வற்றிப்போய்விட்டன. உன்னுடையதில் மட்டும் தண்ணீர் எப்படி நிற்கிறது? அதை ஆராயத்தான் எனக்குச் சம்பளம்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 11

என் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் வயிறு சுரங்கத்தைவிட ஆழம் என்று எனக்குத் தெரியாதா!

பச்சை இன்னும் வரவில்லை. தெருவே குடத்தோடு என் வாசலில்தான் நிற்கிறது. எதிர்வீட்டு டெய்லர் பெண்சாதி மட்டும் வருவதில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறதாம், பயமாம். சூடு என்றால் கொதிக்கவா செய்கிறது? ஒரு ஆளின் கையைப் பிடித்தால் இருக்குமே, அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். மாலையில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது. விடிந்தால் இறங்கிவிடுகிறது. மாலைச் சங்கு ஊதுவதுதான் உன் மாமா வீடு திரும்பும் நேரம். நானும் கிணற்றடியில் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் அவரிடம் சொல்லி முடிப்பேன். மனசு லேசாகிவிடும்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. சங்கு ஊதியதும் சுரங்கத்தில் பெரிய பம்பை நிறுத்துவார்கள். அதனால் ஏறுகிறது. காலையில் ஓட்டுவார்கள், இறங்குகிறது. ஆழத்துத் தண்ணீர் சூடாகத்தான் இருக்கும். இதில் மாமாவை ஏன் இழுக்கிறாய்? ராத்திரியில் தனியாகக் கிணற்றடியில் உட்காராதே.

தம்பி

மார்ச் 20

தம்பி,

பச்சை வந்துவிட்டது. வாளியை வெயிலில் வைத்ததும் கிளிப்பச்சையாக மின்னியது. பெண்கள் குடங்களைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள்.

சுரங்கத்துப் பம்பு ஆபரேட்டர் வந்து எட்டிப் பார்த்தார். சாயத்தை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பழைய குழியிலம்மா. உங்க தம்பிதான் அதோட சிமென்ட் மூடியைத் தொறந்து ஊத்தச் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன்."

சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்த வருஷம், உன் மாமாவை மேலே எடுக்க முடியாமல், அவரை உள்ளே வைத்தே சிமென்ட் போட்டு மூடிய குழி. அதைத் திறக்கப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? என் வீட்டிலேயே படுத்துத் தூங்கி எழுந்துதானே போனாய்? வயிறு எரிகிறது, தம்பி.

இத்தனை நாளும் நான் எந்தத் தண்ணீரைக் குடித்தேன் என்று இப்போது தெரிகிறது. இன்றைக்கும் அதைத்தான் குடித்தேன்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

நீ தாங்கமாட்டாய் என்று பயந்துதான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது சொல்வதையாவது கேள். அந்தத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை. அந்தப் பழைய குழியின் சுரங்கப்பாதை உன் வீட்டுக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. மேல்மண் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம். கிணற்றை மூட வேண்டும், தெருவுக்குக் கம்பெனி லாரியில் தண்ணீர் தர வேண்டும், உன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அறிக்கையில் எழுதுகிறேன். என்னோடு வந்து இரு. உன்னையும் நான் பறிகொடுக்க முடியாது.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

தெருவின் தண்ணீரைக் கெடுத்தது சுரங்கம்தான் என்று கம்பெனிக்குப் பயப்படாமல் எழுது. லாரி வரட்டும், பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும். ஆனால் அவர் இருக்கிற இடத்தை விட்டு நான் வரமாட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து சுரங்கத்தில் வேலைநிறுத்தம். பம்பு ஓடவில்லை, சங்கு ஊதவும் ஆளில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது, விடிந்ததும் இறங்குகிறது. இதற்கும் ஏதாவது காரணம் வைத்திருப்பாயே?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

சுரங்க ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன். நீ எழுதியது உண்மை, பம்புகள் நின்றுதான் கிடக்கின்றன. அப்படியானால் தண்ணீர் ஏறிக்கொண்டே போக வேண்டும். இறங்கவே கூடாது. இவ்வளவு வருஷமாகத் தண்ணீரையே படித்தவன் நான், எனக்கு இது புரியவில்லை. பயமாக இருக்கிறது. கையெடுத்துக் கும்பிடுகிறேன், கிளம்பி வா.

தம்பி

ஏப்ரல் 6

என் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று மாலை தண்ணீர் ஏறியது, நிற்கவில்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டி வழிந்து, முற்றம் கடந்து, வாசற்படி ஏறி, வீட்டுக்குள் வந்தது. அவர் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே தேங்கி நின்றது. நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பயப்படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

விடிந்தபோது தரை காய்ந்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அடிப்பாறை தெரிகிறது. கூப்பிட்டுப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

அவர் இருக்கிற இடத்தை விட்டு வரமாட்டேன் என்றுதானே சொன்னேன்? அவரே கிளம்பிவிட்டார். எனக்கு இனி இங்கே என்ன வேலை? உன் மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

வியாழக்கிழமை பேருந்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதில் ஒன்று ஜன்னலோரம். மண்ணுக்கு அடியிலேயே கிடந்த மனுஷன், வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டும்.

அக்கா