தடைக்கால பேண்டு

ஜூன் 2, ஞாயிறு
வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்டையார்பேட்டை, பாபு அண்ணனின் மெக்கானிக் ஷெட்டில் பிராக்டிஸ். அவர் கிட்டார், நான் பாட்டு, தேசப்பன் டிரம்ஸ். தேசப்பன் காசிமேட்டில் லாஞ்சு, அதாவது விசைப்படகு ஆள். மீன்பிடித் தடைக்காலம், கரையில் சும்மா இருக்கிறான். அதனால்தான் எங்களுக்கு ஒரு பேண்டே. பதினைந்தாம் தேதி படகு கிளம்பினால் அவனும் போய்விடுவான், பேண்டும் காலி. அதற்குள் ஒரு தடவையாவது ஜனங்கள் முன்னால் வாசித்துவிட வேண்டும்.
எதிர்வீட்டு அக்கா: "இன்னா நைனா, வண்டி ரிப்பேரா, பாட்டா? ரெண்டும் ஒரே மாதிரி கீது."

ஜூன் 9, ஞாயிறு
வண்ணாரப்பேட்டையில் ஒரு காதுகுத்து. வாசிக்க வாய்ப்புக் கேட்டுப் போனோம். "கானா பாடுவீங்களா?" மாட்டோம் என்றதும் பந்தியில்கூட உட்காரச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். கொஞ்சம்தான். பிறகு இரண்டு மசால் வடை.

ஜூன் 12, புதன்
மூட்டம். தேசப்பன் போன்: "யக்கா, ஓனராண்ட பேசிட்டேன். வெள்ளிக்கெயம சாயந்தரம் நம்ம லாஞ்சு மேலயே வாசிக்கலாமாம்!" நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலேயே கத்திவிட்டேன். நைட்டி வாங்க வந்தவர் பயந்து போனார்.

ஜூன் 14, வெள்ளி
வாசித்துவிட்டோம்!!!
மேல்தளம் முழுக்கப் புது நீலப் பெயிண்ட். கரன்ட் படகு ஜெனரேட்டரில். கீழே ஐஸ் ஏற்றுகிறவர்கள், வலை ஆட்கள், மீன்கார அக்காக்கள். இரண்டாவது பாட்டில் என் தொண்டை மக்கர். நல்லவேளை, பக்கத்துப் படகில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசிப் பாட்டுக்கு ஒரு அக்கா: "அத்தயே இன்னொரு வாட்டி பாடு கண்ணு." பாடினேன். மறுபடியும் கேட்டார்கள்.
டிரம்ஸைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு பிரியாணி.

ஜூன் 15, சனி
விடிந்ததும் காசிமேடு. பெயிண்ட் நேற்று சரியாகக் காயவில்லையாம். பெரிய டிரம்மின் கால்கள் தளத்தோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. பாபு அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தார். ஓனர் ஓடி வந்தார்: "கற்பூரம் ஏத்தியாச்சு. மொத நாளே பெயிண்ட்ட பேத்தா வெளங்குமா? அதுவும் ஒரு ரவுண்டு போய்ட்டு வர்ட்டும், வுடு."
தேங்காய் உடைத்து டிரம்முக்கும் ஒரு மாலை. படகு போய்விட்டது, தேசப்பனோடும் டிரம்மோடும். சிரித்துச் சிரித்து வயிற்று வலி. அழுகையும் வந்தது. அவ்வளவுதான் எங்கள் பேண்டு.
ஷெட்டில் டீ. தேசப்பன் போன், விட்டு விட்டு: "யக்கா, லாஞ்சு டிரைவர் அண்ணன் நேத்து கடைசியா பாடுன பாட்ட கேக்குறாரு. நான் வாசிச்சிக்கினு கீறேன். நீ பாடு!"
பாபு அண்ணன் கிட்டாரை எடுத்தார். பாதிப் பாட்டில் டவர் போய்விட்டது. நாங்கள் நிறுத்தவில்லை.