நான் மாற்றிக் கொடுத்த உறை

என்னை நைனா என்று வாய் நிறையக் கூப்பிட்ட கலைவாணி நர்ஸம்மாவுக்கு,

இது என் கையெழுத்து. நம்புங்கள், யாரும் எழுதித் தரவில்லை. பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன், தாளின் மறுபக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது? மாத்திரைக்கு நான் கட்டைவிரல் வைக்கும்போதெல்லாம், "உன்னாலயே ஆஸ்பத்திரி மை பாதி தீந்துடுச்சி நைனா" என்பீர்களே. இனி மை மிச்சம்.

சந்தோஷம் இத்தோடு சரி. மற்றதை எப்படிச் சொல்வது?

பேத்தி மறுபடி தண்ணீர் குடிப்பதில்லை.

என் மகனுக்குப் பையனாகப் பிறந்து, பன்னிரண்டு வயதில் "நான் பொண்ணு" என்று சொன்ன குழந்தை. உங்களிடம் முதலில் காய்ச்சலுக்குத்தான் அழைத்து வந்தேன். மாதம் ஒரு காய்ச்சல், அடிவயிற்றில் வலி. மற்றவர்கள் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நீங்கள்தான் அவளைத் தனியாக உட்காரவைத்து, "இஸ்கூல்ல ஒண்ணுக்குப் போறியா கண்ணு?" என்று கேட்டீர்கள். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கழிப்பறையில் பையன்கள் என்ன செய்தார்கள் என்று அவள் சொன்னதை என்னிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை நீங்கள். போகாமல் இருப்பதற்காகக் குடிக்காமல் இருந்திருக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் இல்லை.

பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி. நர்ஸுகளின் கழிப்பறைச் சாவியில் ஒன்றை அவள் கையில் கொடுத்தீர்கள். மதிய மணி அடித்தால் ஓடி வருவாள். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் போக வேண்டும். அது உங்கள் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் வந்தீர்கள். மகன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து, முகத்தைக்கூடத் திருப்பாமல் படுத்திருந்தான். மருமகள்தான் கேட்டாள்: "இது இன்னா நோயி நர்ஸம்மா?"

"கொயந்தைக்கு நோயே இல்லம்மா. தண்ணி குடிக்காம கீதே, அதான் நோயி. அத்த நான் பாத்துக்கறேன். நீ அவ தலைய வாரி வுடு, போதும்."

அன்றைக்கு மருமகள் வாரிவிட்டாள். நீங்கள் பார்த்துக்கொண்டே டீ குடித்தீர்கள்.

வயிற்றில் கட்டி என்று நீங்கள் லீவில் போகும்போது, ஒட்டிய வெள்ளை உறை ஒன்றை என்னிடம் கொடுத்தீர்கள். "புதுசா வர்ற நர்ஸ் கையில குட்துடு நைனா. மறந்துடாத." மறக்கவில்லை. பேத்தியின் காகிதங்கள் இருந்த மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்தேன். அதில் அவளுக்கு ஸ்கேன் எடுத்த இடத்து உறையும் இருந்தது. அதுவும் வெள்ளை, அதே அளவு, ஒட்டியதுதான்.

நீங்கள் உயிரோடு இல்லை என்ற செய்தி வந்த பிறகு, புது நர்ஸைப் பார்க்கப் போனோம். நீங்கள் வாங்கிக் கொடுத்த சுடிதாரை அவள் அன்றைக்கு முதல்முறையாக வெளியில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம் என்ற தைரியம். இரண்டு உறையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எது உங்களுடையது? மேல் ரூமில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பையன்களிடம் முன்னமே கேட்டிருக்கலாம். உள்ளே அவள் சமாச்சாரம் இருக்கிறதே என்று கேட்கவில்லை. அங்கே யாரிடமாவது காட்டியிருக்கலாம். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். ஒன்றைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சத்தமாகக் கூப்பிட்டார்கள்: "சரவணன்! யாருப்பா சரவணன்?"

வரிசை முழுக்கத் திரும்பியது. அவள் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு நின்றிருந்தான். "டேய், சுடிதார் போட்டுனு கீறான் பாரு நம்ம சரவணன்!" என்றான். சிரித்தார்கள். புது நர்ஸ் மேல் தப்பில்லை. கையில் இருந்த காகிதத்துப் பெயரைப் படித்தார்கள், அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் இல்லை. சாவி பெஞ்சு மேல் கிடந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அதற்குப் பிறகு போகவில்லை. வெளியே இருக்கும் வீட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் வாசலில் மேல் ரூம் பையன்களைத் தாண்ட வேண்டும். அதனால் வீட்டிலும் குடிப்பதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, சிறுநீரகம் ஒன்று கெட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். மறுபடி வரச் சொன்னார்கள். வரமாட்டேன் என்கிறாள். மகன், "ஊரு சிரிச்சது போதும், வுட்டுடு நைனா" என்கிறான். மருமகள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

அதன் பிறகுதான் பஞ்சாயத்து ஆபீஸ் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன். போன வாரம், வீட்டிலிருந்து ஏதாவது காகிதம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்கள். பையைத் திறந்தேன். ஒட்டியபடியே இருந்தது உங்கள் உறை. அன்றைக்கு நான் கொடுத்தது ஸ்கேன் உறை. அங்கே பிரிக்காமல் வீட்டுக்கு வந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். நான் முழுதாகப் படித்த முதல் கடிதம் அதுதான்.

"இந்தக் குழந்தையின் பெயர் யாழினி. கூட்டத்தில் கூப்பிடாதீர்கள், பக்கத்தில் போய்க் கூப்பிடுங்கள். முதலில் தண்ணீர் குடித்தாயா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு. கழிப்பறைச் சாவி ஒன்று அவளிடம் இருக்கும், வாங்கிவிடாதீர்கள். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. சொல்ல வெட்கப்படுவார். அவரிடம் எதையும் படிக்கச் சொல்லாதீர்கள்."

என் வெட்கத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வெட்கத்தால்தானே எல்லாம் கெட்டது? வேறு என்ன செய்திருக்க வேண்டும் நான்?

புது நர்ஸிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்கள். "அன்னிக்கே குட்துருக்கலாமே தாத்தா" என்று சொல்லி, அன்று பெஞ்சில் கிடந்த சாவியைத் திருப்பி என் கையில் வைத்தார்கள். அதை அவள் கதவுக்கு அடியில் தள்ளினேன். திரும்பி வெளியே வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் இதுநாள்வரை சரவணா என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அவள் என்று எழுத வருகிறது. வாயில் வருவதில்லை.

நாளைக் காலை மகன் கம்பெனி பஸ் ஏறியதும், ஒரு சொம்பு தண்ணீரோடு அவள் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிப்பேன். முதல் வரியில் அவள் பெயர் இருக்கிறது, தாண்டிப் போக முடியாது. அவள் திறப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை நர்ஸம்மா. திறக்காவிட்டால் மறுநாளும் படிப்பேன். கண் தெரிகிறவரை படிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் நைனா,
யாழினியின் தாத்தா,
முனுசாமி