கேட்டுச் சொல்றேங்க

ஜூன் 4

என் எஜமானிக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே? ஃபோனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போனபின் கடை ஃபோனைப் பார்க்க ஆளில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? சிறு கடைக்காரர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. வாடிக்கையாளர் அனுப்பும் செய்திக்கு இனி அதுவே பதில் போடும். நாம் பேசும் விதத்தை முதலில் அதற்குக் காட்ட வேண்டுமாம். நான் வாடிக்கையாளருக்கு எழுதிய பதில்களைக் காட்டினேன். தையல்கடை அக்கா "ஃபேன் ரெடியா?" என்று கேட்டதற்கு, "ஆனா சொல்லுவோம்ல" என்று வெடுக்கென்று போட்டிருக்கிறது. அவர் ஃபேனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மோட்டார்க்காரன்

ஜூன் 12

மோட்டார்க்காரருக்கு,

சிரித்தேன். அண்ணி ஓடிவந்து என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். உங்கள் வாயை அப்படியே பிடித்துக்கொண்டதே, கெட்டிக்கார இயந்திரம்தான்.

கடை நிறைய ஆள் இருக்கும்போது, "நீ ஃபோன்ல பேசத்தான் லாயக்கு" என்றீர்கள். அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளத்தான் இப்போது வகுப்புக்குப் போகிறீர்கள். எனக்கு இன்னும் வலிக்கிறது.

கடை ஃபோனில் என் பழைய பதில்கள் இருக்கும். அவற்றைக் காட்டுங்கள். தோள்வலி தேவலையா?

நான்தான்

ஜூன் 21

எஜமானிக்கு,

காட்டினேன். "மழைல நனைஞ்சு வராதீங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கங்க" என்று இப்போது அதுவே எழுதுகிறது. படித்தால் நீ பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. தையல்கடை அக்கா ஃபேனோடு திரும்பி வந்தார். கடைக்குள் எட்டிப் பார்த்து உன்னைத் தேடினார். நான் ஃபேனைக் கழற்ற உட்கார்ந்துவிட்டேன்.

தனக்குத் தெரியாததைக் கேட்டால் அது உளறக் கூடாது, "கேட்டுச் சொல்றேங்க" என்று முதலாளியிடம் விட்டுவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். அது கற்றுக்கொண்டது. எனக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லை. அன்று பேசியது தப்பு.

தோள் அப்படியேதான் இருக்கிறது.

மோட்டார்க்காரன்

ஜூன் 29

மோட்டார்க்காரருக்கு,

ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அண்ணியின் ஃபோனிலிருந்து யாரோ வாடிக்கையாளர் மாதிரி நம் கடைக்கு, "அந்த அம்மா கடைல இருக்காங்களா?" என்று அனுப்பினேன். "கேட்டுச் சொல்றேங்க" என்று பதில் வந்தது.

நான் போய்விட்டதை நீங்கள் அதற்கு இன்னும் சொல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கேள்வி உங்களிடம் வந்திருக்கும். நீங்களும் பதில் போடவில்லை. யாரைத்தான் கேட்பீர்கள், பாவம்.

திங்கட்கிழமை வருகிறேன். அதற்குச் சொல்லிவையுங்கள். ஃபோனை அதுவே பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள், நானும் கம்பி சுற்றக் கற்றுக்கொள்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போது கத்தக் கூடாது.

உங்கள் எஜமானி