இறக்கி வைத்த வீடியோ

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் ஆசிரியைகள் விடுதியில் யாரும் எதையும் டவுன்லோடு செய்யக் கூடாதென்று காப்பாளர் உத்தரவு போட்டிருக்கிறார்.

“மொத்த நெட்டையும் நீங்களே உறிஞ்சிட்டா மத்தவங்க என்ன பண்றது டீச்சர்? நெட்லயே ஓடவிட்டுப் பாருங்க, யார் வேணாங்கறா?” என்றார்.

“ஓடவிட்டா பாக்குறப்பல்லாம் நெட் போகும். இறக்கி வச்சா ஒரே தடவைதான்” என்றேன்.

“அப்படி ஒரே வீடியோவை எத்தன தடவ பாப்பீங்க?”

நீ பேசி அனுப்பிய வீடியோவை அவர் கண்ணெதிரே இறக்கிக்கொண்டேன். என் அறைக்கு வரும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். துண்டிக்கட்டும்; இனி யார் தயவும் இல்லாமல் உன்னைப் பார்ப்பேன்.

தம்பி இனி லிங்க் அனுப்ப வேண்டாம். வீடியோவையே அனுப்பட்டும், கல்லூரியில் இறக்கிக்கொள்வேன். நீளமாகப் பேசு. சொல்ல விஷயமில்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திரு, போதும்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் மகள்