முழங்காலுக்குத் தடவிய மருந்து

நாக்பூர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்சவேணிக்கு,

நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். போனில் பேசினால் மாற்று டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் எழுதி, சங்ககிரி திரும்பும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் நீ போனில், "ஏனுங்க, கண்ணாடிகிட்ட இருந்த டியூப்பைப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். "உன்ற சாமானை நான் எதுக்கு எடுக்கறேன்?" என்று எரிந்து விழுந்தேன். அது என் பையில்தான் இருந்தது. மூட்டுவலிக் களிம்பு என்று எடுத்துவந்து, கிளட்ச் மிதிக்கும் காலுக்கு ஒன்பது நாள் தேய்த்திருக்கிறேன்!

வலி குறையவில்லையே என்று மருந்துக்கடையில் காட்டினேன். கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுவதற்குத் தடவும் ஹார்மோன் மருந்தாம். எனக்கு ஒன்றும் ஆகாதாம், பயப்படாதே. இது இல்லாமல் உங்கள் மனைவி எப்படித் தூங்குகிறார் என்று கேட்டார்.

டியூப்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துத் தடவாதே. டாக்டரம்மாவைக் கேட்டுத் தொடங்கு. வண்டி திரும்பும்போது பருப்புப்பொடி கொஞ்சம் கொடுத்துவிடு. இங்கே சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ஹாரன் அடிக்கிறார்கள். ஃபேனை ஐந்தில் வைக்கிறாய் என்று எத்தனை நாள் உன்னைத் திட்டியிருப்பேன். இனி ஐந்திலேயே ஓடட்டும். நான் வருவதற்குள் எனக்கு ஒரு கம்பளி மட்டும் எடுத்து வை.

மாதையன்