சமத்தாகத் தூங்கினாள்

நண்பனே,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். சொல்லப்போவது இவை:

1. நேற்று என் பேத்தியின் மூச்சில் வந்த வாடை.
2. உன் பேரன் மதியத் தூக்கத்தை விட்ட கதை.
3. என் பேத்திக்கும் இனி அது தேவையில்லை என்பது.
4. காப்பகத்தில் நான் பேசியது.

நேற்று மாலை ஆவடியில், குழந்தைகள் காப்பகத்து வாசலில் இனியாவைத் தூக்கினேன். தாவி வருகிறவள் ஈரத்துணி போல் தோளில் சரிந்தாள். மூச்சில் ஆரஞ்சு வாடை. பழம் அல்ல, இருமல் மருந்து. அவளுக்கு இருமலே இல்லை.

'பாப்பா இன்று சமத்தாகத் தூங்கினாள்.' அங்கிருந்து தினமும் மருமகளின் கைப்பேசிக்கு வரும் செய்தி இது. அவளும் மகனும் அலுவலகத்தில் அதைப் படித்து நிம்மதியாக இருப்பார்கள். விடுமுறை நாளில் வீட்டில் படுக்கப்போட்டால் மின்விசிறியோடு பேசிக்கொண்டு கிடப்பவள், அங்கே மட்டும் எப்படித் தூங்குகிறாள்? எனக்குச் சந்தேகம் இருந்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் தயக்கம்.

உன் பேரனும் மூன்று வயதை நெருங்கும்போது இப்படித்தான் இருந்தான். சேக்காட்டில் உன் வீட்டு மாடிப்படியில் நாம் உட்கார்ந்திருந்தோம். உன் மருமகள் அவனைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து வெளியே வந்தாள். குழந்தை பகலில் தூங்கியே ஆக வேண்டும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அம்பத்தூர் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் தரம் பார்த்தவன் நீ. அந்தப் பாஷையிலேயே சிரித்தாய்.

"இன்னா அண்ணாத்தே, நைட் ஷிஃப்ட் ஃபுல்லா தூங்கிக்கீறான். மதியானம் எதுக்கு ஓவர்டைம்?"

தூங்காத நாளில் சாயங்காலம் சிணுங்காமல் விளையாடுகிறானா என்று சில நாள் பார்க்கவேண்டும், சிணுங்கினால் மறுபடி படுக்கப்போடவேண்டும் என்றும் சொன்னாய். உன்னை நான் முழுதாக நம்பவில்லை. அதே பேரனுக்கு டீ ஊற்றிக் கொடுத்து மருமகளிடம் திட்டு வாங்கியவன்தானே நீ.

காப்பகத்தை நடத்தும் பெண்மணியிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"லைட்டா ஒரு மூடிதான் சார். ஒண்ணு முழிச்சிக்கினு இருந்தா மத்ததையும் எழுப்பிவுட்டுடும். அப்பால யாரு பாக்கறது?"

அவருக்குப் பின்னால் அலமாரியில் அந்தப் பாட்டில். கழுத்தில் வழிந்து காய்ந்த மருந்தில் எறும்பு மொய்த்திருந்தது. எல்லா வாய்க்கும் அந்த ஒரே மூடி. "உங்க பாப்பா செம சமத்து சார்" என்று இனியாவின் கன்னத்தைத் தட்டினார். நாம் கொஞ்சுவதற்கு வைத்திருந்த அந்தச் சொல் நேற்றோடு எனக்கு நாறிப்போனது.

நான் சத்தம் போடத் தெரியாதவன். ஆனாலும் வாசலில் நின்ற மற்ற பெற்றோரிடம் பார்த்ததைச் சொன்னேன். அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஓர் இளைஞன், "என் பையனுக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினான். இனியாவை நேராக மருத்துவரிடம் கொண்டுபோனேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தூங்கவைக்க இதைக் கொடுப்பது ஆபத்து என்று அவர் கண்டித்துச் சொன்னார்.

"இனிமே அங்க வேணாம்ப்பா" என்றான் மகன். "ஆனா பகல் முழுக்க நீங்க தனியா சமாளிப்பீங்களா?"

முடியும் என்றேன். மதியத் தூக்கமே அவளுக்கு வேண்டியதில்லை, பிறகென்ன சிரமம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இன்று மதியம் அவள் தூங்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தப் பெருமையில்தான் மேலே உள்ள நான்கையும் எழுதினேன். சாயங்காலம் பிஸ்கட் உடைந்துவிட்டது என்று அழுதாள். முழுசாக ஒன்று கொடுத்தேன், அதற்கும் அழுதாள். அப்படியே தோளில் விழுந்து தூங்கிவிட்டாள்.

மூன்றாவது குறிப்பு தவறு. நீ சொன்னதில் பாதியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓவர்டைம் இன்னும் சில நாள் வேண்டியிருக்கிறது.

இறக்கிப் போட மனமில்லை. இவளைச் சுமந்தபடி ஒரு கையால் எழுதுகிறேன். நடுநடுவே குனிந்து மூச்சை முகர்ந்து பார்க்கிறேன். பிஸ்கட் வாசனை மட்டும்தான்.