கவுன்சிலரைப் பார்க்கப் போனது

திருப்பூர்
மார்ச் 2005

அன்புள்ள சண்முகவள்ளிக்கு,

நீயும் பிள்ளை பூமயிலும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா? நான் சுகம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை.

கம்பெனியில் கோபத்தில் டீ கிளாசை வீசிவிட்டேன். யார் மேலும் படவில்லை, பயப்படாதே. "கவுன்சிலரைப் பாத்துட்டு வேலைக்கு வாங்க" என்றார் மேனேஜர். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நேரே வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"ஏனுங்க, தண்ணி வரலீங்களா?" என்றார்.

"கோவம் வருதுங்கய்யா."

"தண்ணி வராட்டி கோவம் வரத்தானுங்க செய்யும்!"

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதில் ஒருத்திதான், மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும் கவுன்சிலர் என்றுதான் பேர் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வழி காட்டினாள்.

அங்கே இருந்த அம்மா, "வீட்ல உங்களைக் கண்டு யார் பயப்படுறாங்க?" என்று கேட்டார்.

"எங்க வெள்ளாடு மட்டுந்தாம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார். போவேன்.

வத்தல் பொடி கொஞ்சம் அனுப்பு. ஆணியில் தொங்கும் என் பெல்ட்டை எங்காவது தூரப் போட்டுவிடு. பூமயில் என்னைக் கேட்டாளா என்று எழுது. கேட்கவில்லை என்றாலும் எழுது. ஷிப்டுக்கு மணி அடிக்கிறது.

இப்படிக்கு,
கூத்தையா

அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று. பொங்கலுக்கு லீவு இல்லை என்று உனக்கு எழுதியது பொய். பரமக்குடி வரை வந்தேன். போன தடவை என்னைக் கண்டதும் பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்தது ஞாபகம் வந்தது. முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறப் பயந்து திரும்பிவிட்டேன்.